சுட்டிக்காட்டுவது வேறு, குத்திக்காட்டுவது வேறு: பின்னூட்டம் சொல்லப் பழகுபவர்களுக்கு

ஒருவரிடம் குறையை எடுத்துச் சொல்வதற்குத் தமிழில் பல வினைச்சொற்கள் இருக்கின்றன. சுட்டிக்காட்டினார் என்கிறோம். குத்திக்காட்டினார் என்கிறோம். சொல்லிக்காட்டினார் என்றும் சொல்கிறோம். மூன்றிலும் ‘காட்டு’ இருக்கிறது. காட்டப்பட்ட குறைகூட ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் தமிழ் பேசும் யாரும் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதில்லை. சுட்டிக்காட்டியவரிடம் திரும்பப் போய், “இப்ப பாருங்க, சரியா வந்திருக்கா?” என்று கேட்போம். குத்திக்காட்டியவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்ப்போம்.

அலுவலகங்களில் ‘ஃபீட்பேக்’ என்றும் எழுத்தில் ‘பின்னூட்டம்’ என்றும் சொல்லப்படுவது இந்த முதல் வகை. இது பிறவிக் குணமாக வருவதில்லை, பழகினால் வரும். முதன்முறையாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றவர், மாணவர்களின் கட்டுரையைத் திருத்த உட்கார்ந்திருப்பவர், நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு என்ன சொல்வது என்று தயங்கிக்கொண்டிருப்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பன்னிரண்டு பக்க அறிக்கை ஒன்றை எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் மேல் மூலையில் ஒரே ஒரு வரி: “இன்னும் நன்றாக வர வேண்டும்.” இரண்டு இரவு உட்கார்ந்தேன். வாக்கியங்களைச் சுருக்கினேன், அட்டவணைகளின் நிறத்தை மாற்றினேன், முன்னுரையை நீட்டினேன். மறுபடியும் அதே வரியோடு திரும்பியது. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த ஊழியர் ஒருவர் அதை வாங்கிப் படித்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டார். “படிக்கிறவருக்கு வேண்டியது இதுதான். இங்க வந்து சேர்றதுக்குள்ள, இது எதைப் பத்தின அறிக்கைன்னு ரெண்டு தடவை முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். இதை முதல் பத்தியில வைங்க” என்றார். அரை மணி நேர வேலை. அறிக்கை ஏற்கப்பட்டது.

மேலாளர் எழுதியது பொய் இல்லை. அறிக்கை இன்னும் நன்றாக வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பென்சில் கோட்டை வைத்துச் செய்ய முடிந்தது. பின்னூட்டம் உருப்படியானதா என்று பார்க்க இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: கேட்டுவிட்டு எழுந்து போகிறவருக்கு, அடுத்து என்ன செய்வதென்று தெரிகிறதா?

பொறியியலில் பிறந்த சொல்

தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் ஏற ஏறப் பந்தும் ஏறும். குறித்த உயரம் வந்ததும் அதோடு இணைந்த கோல் வால்வை அடைத்துவிடும். மட்டம் இறங்கினால் வால்வு திறக்கும். செயலின் விளைவு திரும்பி வந்து அடுத்த செயலைத் திருத்துகிறது. 1788-ல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்துக்குப் பொருத்திய வேகக் கட்டுப்படுத்தியும் இப்படி வேலை செய்ததுதான். வேகம் கூடினால் சுழலும் இரண்டு குண்டுகள் விலகி உயர்ந்து நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் குண்டுகள் தாழ்ந்து நீராவியைக் கூடுதலாக விடும். இந்தச் சுற்றைத்தான் பொறியாளர்கள் ‘ஃபீட்பேக்’ என்றார்கள். இயந்திரங்களுக்கும் உயிரினங்களுக்கும் பொதுவான ஒரு முறையாக 1948-ல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் இதை விரித்து எழுதினார்.

மனிதர்களுக்குள் நடக்கும் பேச்சுக்கு இந்தப் பெயர் வந்ததில் உளவியலாளர் குர்ட் லெவினுக்குப் பெரும் பங்குண்டு. 1946 கோடைக்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் அவர் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார். பகலில் பங்கேற்பாளர்கள் குழுக்களாக விவாதிப்பார்கள். இரவில் ஆய்வாளர்கள் மட்டும் கூடி, பகலில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று குறிப்புகளைப் பேசுவார்கள். ஒரு நாள் சில பங்கேற்பாளர்கள், நாங்களும் உட்காரலாமா என்று கேட்டார்கள். லெவின் சம்மதித்தார். தங்களைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நடந்தது அப்படி இல்லை என்று மறுத்தார்கள், தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். பட்டறையிலேயே எல்லோருக்கும் அதிகம் பயன்பட்டது அந்த இரவுப் பேச்சுதான் என்று ஆனது.

இந்த இரண்டு கதைகளையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பந்து, தொட்டி நல்ல தொட்டியா மோசமான தொட்டியா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இருக்க வேண்டிய மட்டத்துக்கும் இருக்கும் மட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் தெரிவிக்கிறது. கனெக்டிகட்டில், கேட்டவருக்கும் பேச வாய்ப்பு இருந்தது. பின்னூட்டம் என்ற பெயரில் நடக்கும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவை.

எதுவும் சொல்லாமல் இருப்பதற்கு ஏதாவது சொல்வது மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. 1996-ல் அவ்ரஹாம் குளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 607 விளைவு அளவுகளை, அதாவது பின்னூட்டத்தால் செயல்பாடு எவ்வளவு மாறியது என்று காட்டும் எண்களை, ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் செயல்பாட்டை உயர்த்தியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயல்பாட்டைக் குறைத்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம் எளிமையானது: கவனம் வேலையின் மேல் இருக்கும் வரை பின்னூட்டம் உதவுகிறது, ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் கவனம் திரும்பினால் பலன் குறைகிறது. மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போய்விட்டால் வேலையை யார் பார்ப்பது?

கேமராவில் பதிவானதைச் சொல்லுங்கள்

‘அலட்சியம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். “நீங்க ரொம்ப அலட்சியமா இருக்கீங்க.” நடந்ததை ஒரு கேமரா படம் பிடித்திருந்தால் அதில் அலட்சியம் தெரியுமா? தெரியாது. அவர் பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்தேகாலுக்கு வந்தது தெரியும். கோப்பில் மூன்று எண்கள் தவறாக இருந்தது தெரியும். அலட்சியம் என்பது அவற்றைப் பார்த்து நாம் எடுத்த முடிவு. பார்த்தது ஒன்று, முடிவு இன்னொன்று. பின்னூட்டம் சொல்லப் போகிறவர் முதலில் பழக வேண்டியது இவற்றைப் பிரித்துப் பார்க்க.

இது சொல்வதைவிடச் செய்வது கடினம். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவருடைய குணத்தைக் காரணமாகச் சொல்வோம், நாம் தாமதமாக வந்தால் போக்குவரத்தைச் சொல்வோம். அடுத்தவர் விஷயத்தில் சூழலை விட்டுவிட்டுக் குணத்தையே காரணமாக்கும் இந்தச் சாய்வுக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977-ல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அது நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதனால்தான் குணத்தைப் பற்றிய சொற்களை அப்புறப்படுத்திவிட்டு, கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குவது பாதுகாப்பானது.

‘சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்’ என்ற பயிற்சி நிறுவனம் இதற்கு ஒரு சிறிய சட்டகம் வைத்திருக்கிறது: சூழல், செயல், விளைவு. எப்போது, எங்கே நடந்தது; என்ன செய்தார்; அதனால் என்ன ஆனது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிட எளிய கைப்பிடி இல்லை என்பது என் எண்ணம். ஒரு கூட்டத்தில் உங்கள் குழுவைச் சேர்ந்தவர் அடுத்தவரைப் பேச விடாமல் பதில் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். வாயில் முதலில் வருவது இப்படி இருக்கும்:

“நீங்க யாரையும் பேசவே விடமாட்டேங்கறீங்க.”

சட்டகத்தில் வைத்தால்:

“நேத்து காலைக் கூட்டத்துல, அவர் கேள்வியை முடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நீங்க பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் அவர் எதுவும் கேட்கலை. அவருக்கு உண்மையில என்ன சந்தேகம்னு நமக்குத் தெரியாமப் போச்சு.”

இரண்டாவது, கேட்கக் கடினமாகத்தான் இருக்கும். கடினமாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் மறுக்க ஒன்றும் இல்லை, நடந்ததுதான். அடுத்த கூட்டத்தில் என்ன செய்வது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் வாக்கியத்தைக் கேட்டவர் உடனே, “போன வாரம் அவரைத்தானே முழுக்கப் பேச விட்டேன்!” என்று ஒரு விதிவிலக்கைத் தேடி எடுப்பார். பிறகு பேச்சு போன வாரத்தைப் பற்றியதாக மாறிவிடும்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் குத்துவதற்குப் பெரிய சொற்கள் தேவையில்லை. சின்னஞ்சிறு ஒட்டுகளே போதும். “நீங்க கவனிக்கலை” என்பது ஒரு நாள் நடந்தது. “நீங்க கவனிக்கறதே இல்லை” என்றால் வாழ்நாள் குற்றச்சாட்டு. வினை கொஞ்சம் மாறி, நடுவில் ஒற்றை ‘ஏ’ வந்தது. “இது தெரியாதா?” என்று கேட்டால் அது கேள்வியாகவும் இருக்கலாம். “இதுகூடத் தெரியாதா?” என்றால் அது கேள்வியே இல்லை. “இதை ஒழுங்கா பண்ணுங்க” என்பதில் கண்டிப்பு இருக்கிறது. “இதையாவது ஒழுங்கா பண்ணுங்க” என்பதில், இதுவரை செய்த எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தள்ளிவிடும் வேகம் இருக்கிறது. ஏ, கூட, ஆவது. கோபத்தில் இருக்கும்போது இவை தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதி அனுப்பும் பின்னூட்டமாக இருந்தால், அனுப்பும் முன் இந்த மூன்றையும் தேடி எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியத்தின் பொருள் அப்படியே இருக்கும், முள் போய்விடும்.

‘ஏன்’ என்ற கேள்வியும் இதே குடும்பம்தான். “ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்பது எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும் விசாரணை போலக் காதில் விழுகிறது. “இந்த முடிவுக்கு எப்படி வந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் நமக்குத் தெரியாத ஒரு நிர்ப்பந்தம் வெளியே வரும்.

‘ஆனால்’ என்ற சொல்லின் வேலை

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் மறுபடி ஒரு பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும்படி பல பயிற்சிகளில் கற்றுத் தருகிறார்கள். சாண்ட்விச் முறை என்று பெயர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டு மூன்று முறை இப்படிக் கேட்டவர்கள், பாராட்டு தொடங்கியதுமே ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். “அறிக்கை நல்லா இருக்கு, ஆனா...” என்றால் அறிக்கை நன்றாக இருந்தது என்ற உண்மை அங்கேயே அழிந்துவிடுகிறது. நாளைக்கு மனதாரப் பாராட்டினாலும், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் பதற்றமாகவே இருப்பார். குறை உள்ளே புதைந்து, “எல்லாம் நல்லாத்தான் சொன்னாங்க” என்று எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு.

நல்லதை நல்லது என்று முழு வாக்கியமாகச் சொல்லி முற்றுப்புள்ளி வையுங்கள். மாற வேண்டியதை அதன் இடத்தில் தனியாகச் சொல்லுங்கள்.

பாராட்டு என்றதும் இன்னொன்று. பாராட்டும் பின்னூட்டம்தான், அதற்கும் அதே பென்சில் கோடு வேண்டும். “சூப்பர்” என்று சொன்னால் மகிழ்ச்சியாக இருக்கும். எதைத் திரும்பச் செய்தால் மறுபடி சூப்பர் வரும் என்பது மட்டும் தெரியாது. “மூணாவது பத்தியில அந்த உதாரணத்தைச் சொன்னப்பதான் எனக்கு முழுசா விளங்குச்சு” என்றால் அவர் கையில் ஒன்று கிடைத்துவிடுகிறது. குழந்தைகளிடம் பேசும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு பயிற்சியை முடித்த குழந்தைகளில் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தோற்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள்தான் சீக்கிரம் தளர்ந்தார்கள், அடுத்த புதிர்களையும் மோசமாகச் செய்தார்கள். உழைப்பை நாளைக்குக் கூட்டலாம். புத்திசாலித்தனம் கையைவிட்டுப் போய்விட்டதாகத் தோன்றினால் ஒரு குழந்தை என்ன செய்யும்?

மாணவர்களின் தாள்களைத் திருத்துபவர்களுக்கு ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு பயன்படும். ஒரு பிரிவுக்குக் குறிப்புகள் மட்டும், ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். குறிப்புகள் மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் செயல்பாடும் மேலாக இருந்தன. இரண்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் வரவில்லை. தாள் திரும்பி வந்த நாளில் நாமும் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்காது: எண்ணைப் பார்த்தோம், பக்கத்தில் இருப்பவரின் எண்ணைப் பார்த்தோம், தாளை மடித்து வைத்தோம். மதிப்பெண் கட்டாயம் போட வேண்டும் என்றால், குறிப்புகளை முதலில் கொடுத்து, அவற்றை வைத்துத் திருத்தி எழுத ஒரு வாய்ப்புத் தந்துவிட்டுப் பிறகு எண்ணைச் சொல்லலாம்.

எப்போது, எங்கே, எவ்வளவு

நாலு பேர் முன்னால் குறையைச் சொல்லாதீர்கள். இதில் விதிவிலக்கு கிட்டத்தட்ட இல்லை, உடனே நிறுத்தாவிட்டால் ஆபத்து என்ற நிலை தவிர.

தள்ளிப்போடவும் வேண்டாம். நான்கு மாதத்துக்கு முன் நடந்ததை இன்று எடுத்தால், இத்தனை நாள் மனதில் வைத்திருந்தாரா என்றுதான் தோன்றும். சொல்லிக்காட்டுவது என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. அதே நேரம் உங்கள் கோபம் ஆறாமல் இருந்தால் ஒரு இரவு கடக்கட்டும்.

பேச அழைக்கும் முறைக்கும் கவனம் தேவை. மாலை ஆறரைக்கு ஒரு செய்தி வருகிறது: “நாளைக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்.” அனுப்பியவர் ஒரு நிமிடத்தில் அதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பெற்றவர் அன்றிரவு தூங்க மாட்டார். கடந்த மூன்று மாதத்தில் செய்த ஒவ்வொன்றையும் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். “நேத்து கொடுத்த வரைவுல ரெண்டாவது பகுதியைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? காலைலயா மதியமா, உங்களுக்கு எது வசதி?” என்று கேட்க இன்னும் ஐந்து விநாடிதான் ஆகும். எதைப் பற்றி, எவ்வளவு நேரம், அவருக்கு எப்போது வசதி என்ற மூன்றும் அதில் வந்துவிடுகின்றன.

அளவைப் பொறுத்தவரை, ஒரு முறைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. பத்துக் குறைகளைக் கண்டுபிடித்தால் பத்தையும் சொல்வதுதான் நேர்மை என்று தோன்றும். கேட்பவர் மனதில் நிற்பது பத்து என்ற எண்ணிக்கை மட்டும்தான். எதைத் திருத்தினால் மற்றவை பாதி சரியாகும் என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பது சொல்பவரின் வேலை. இதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கொடுப்பதும் மரியாதைதான்.

சொல்லவே கூடாதவையும் இருக்கின்றன. ஒருவரால் மாற்ற முடியாதவற்றை விட்டுவிடுங்கள்: குரல், உருவம், பேச்சுவழக்கு. நம் ரசனையைக் குறையாக வேடம் போட்டுச் சொல்வதையும் விட வேண்டும். “இந்த இடம் எனக்குப் புரியலை” என்பது எழுதியவருக்குப் பயன்படும் செய்தி. “நானா இருந்தா இப்படி எழுதமாட்டேன்” என்பது உங்களைப் பற்றிய செய்தி.

சொல்லி முடித்த பிறகு

பெரும்பாலான அறிவுரைகள் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. சொல்லி முடித்ததும் வரும் அமைதிதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்திருக்கிறது. எதிரே இருப்பவர் எதுவும் பேசாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நாம், “பெரிய விஷயமில்லை, சும்மா சொன்னேன்” என்று சொன்னதையே கலைத்துவிடுவோம், அல்லது இன்னொரு உதாரணத்தை எடுத்து இன்னொரு முறை அழுத்துவோம். இரண்டும் வேண்டாம். அவர் யோசிக்கட்டும். பிறகு, “நீங்க இதை எப்படிப் பார்க்கறீங்க?” என்று கேட்டுவிட்டு நிஜமாகவே காது கொடுங்கள். மேலே சொன்ன கூட்டத்தில் அவர் குறுக்கிட்டதற்கு, நேரம் முடியப்போகிறது என்று யாரோ சைகை காட்டியது காரணமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் பேச வேண்டியது சைகை காட்டியவரிடம். நாம் பார்த்தது ஒரு கோணம் மட்டும்தான் என்பதை 1946-ல் அந்தப் பங்கேற்பாளர்கள் ஆய்வாளர்களுக்கே காட்டினார்கள்.

அவர் மறுத்தால் உடனே ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு அன்று மறுப்பாகத் தெரிவது, மூன்று நாள் கழித்து மாற்றமாகத் தெரியும். அடுத்த முறை என்ன செய்யலாம் என்று மட்டும் பேசி வையுங்கள், வழி அவர் வாயிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. “கேள்வி கேட்கறப்ப குறிப்பு எழுதிக்கறேன், அவர் முடிச்சப்புறம் பேசறேன்” என்று அவரே சொல்லிவிட்டால் அதற்கு மேல் நீங்கள் சேர்க்க எதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். கேள்வி வரும்போது அவர் பேனாவை எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால், கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சொல்லுங்கள்: “இன்னைக்கு அவர் மூணு கேள்வி கேட்டார். மூணாவதுலதான் உண்மையான சந்தேகமே இருந்துச்சு.”